தூக்குக்குண்டு சொன்ன கதை: பரங்கிமலையிலிருந்து பூமியின் அடிவயிறு வரை

கோடை விடுமுறையில் ஊருக்குப் போகிற டெல்லித் தமிழர்களுக்கு அந்த ரயில் பாதை மனப்பாடம். மதுரா, ஆக்ரா, குவாலியர், ஜான்சி, போபால், இட்டார்சி, நாக்பூர், வரங்கல், விஜயவாடா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவோம். ஜான்சி ஸ்டேஷனுக்குப் பேர் மாற்றியாகிவிட்டது. நம் வாய்க்கு மட்டும் இன்னும் மாறவில்லை. கட்டிக்கொண்டு போன புளிசாதம் முதல் நாளே தீர்ந்துவிடும். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து, வருகிற ஸ்டேஷன்களை எண்ணுவதுதான் பொழுதுபோக்கு.

அப்படி ஒரு பயணத்தில், நாக்பூரில் வண்டி நின்றபோது என் பேத்தி ஒரு கேள்வி கேட்டாள். ஸ்டேஷனின் மஞ்சள் பலகையில் ஊர்ப் பேருக்குக் கீழே சின்ன எழுத்தில், கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் உயரம் என்று போட்டிருப்பார்கள் அல்லவா? அதைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இங்கே கடலே இல்லையே? எந்தக் கடல்லேருந்து அளந்தாங்க?" என்றாள்.

"எல்லாக் கடலும் ஒரே மட்டம்தானே அம்மா" என்று சொல்லிச் சமாளித்தேன். வண்டி கிளம்பிய பிறகுதான் மனசு உறுத்தியது. நான் சொன்னது தப்பு. எல்லாக் கடலும் ஒரே மட்டம் என்பது ஒரு வகையில் உண்மை, இன்னொரு வகையில் பெரிய பொய். அந்த இரண்டையும் பிரித்து அறிய மனிதர்களுக்கு இருநூறு வருஷம் பிடித்தது. அந்தக் கதை நம் சென்னைப் பரங்கிமலையில் தொடங்கி, நம் ரயில் பாதையை ஒட்டியே வடக்கே வந்து, பிறகு பூமிக்குள்ளே இறங்குகிறது. மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டபோது, பேத்திக்குச் சொல்லாமல் விட்ட பதிலையே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

பரங்கிமலையில் போட்ட சங்கிலி

1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டினப் போரில் பங்குகொண்டவர் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி. போர் முடிந்ததும் அவர் கேட்டது பதவியல்ல. தென்னிந்தியாவை முக்கோணம் முக்கோணமாகப் பிரித்து அளக்க அனுமதி கேட்டார். வரைபடம் தயாரிப்பது கம்பெனியின் தேவை. லாம்டனின் ஆசை அதைவிடப் பெரியது. பூமியின் உண்மையான வடிவம் என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் கனவு.

பூமி துருவங்களில் சற்றுத் தட்டையாக இருக்கும் என்று நியூட்டன் சொல்லியிருந்தார். 1730-களில் பிரெஞ்சுக்காரர்கள் வடக்கே லாப்லாந்துக்கும் தெற்கே பெருவுக்கும் போய் அளந்து அதை நிரூபித்தார்கள். பூமியின் நடுக்கோட்டு ஆரம் 6378 கிலோமீட்டர், துருவ ஆரம் 6357 கிலோமீட்டர் என்று இன்று நமக்குத் தெரியும். வித்தியாசம் 21 கிலோமீட்டர். ஆனால் தட்டையான உருண்டை என்பதோடு கதை முடிந்ததா என்று அப்போது யாருக்கும் தெரியாது.

1802 ஏப்ரலில், பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை லாம்டன் அளந்தார். நூறு அடி எஃகுச் சங்கிலியை நிலத்துக்கு மேலே தாங்குகட்டைகளில் கிடத்தி, வெயிலில் எவ்வளவு நீளுகிறது என்று வெப்பமானியால் பார்த்துக் கணக்கில் சேர்த்து, அங்குலம் அங்குலமாக அளந்த வேலை அது. அந்த ஒரு கோட்டை வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் கோணங்களை அளந்து கணக்குப் போடுவதுதான். கோணம் அளக்கும் தியோடலைட் கருவி அரை டன் எடை. மலையில்லாத தஞ்சாவூர்ச் சீமையில் கோயில் கோபுரங்களே அளவை மேடைகளாயின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கருவியை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, அது சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, வளைந்த வட்டத்தைத் தன் கையாலேயே நிமிர்த்திச் சரிசெய்தார்.

கன்னியாகுமரியிலிருந்து 78-ஆம் தீர்க்கரேகையை ஒட்டி வடக்கே ஏறிய இந்த அளவைக்குப் பெரும் வில் என்று பேர். லாம்டன் அதை முடிக்கவில்லை. 1823-இல் ஹிங்கன்காட் என்ற ஊரில் இறந்தார். அவர் கல்லறை அங்கேதான் இருக்கிறது. நாக்பூர் தாண்டி நம் வண்டி போகும் ஹிங்கன்காட்தான் அது.

அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் பொறுப்பேற்று, டேராடூன் வரை வில்லைக் கொண்டுபோய் 1841-இல் முடித்தார். மொத்தம் சுமார் 2400 கிலோமீட்டர். சிகரத்துக்கு எவரெஸ்ட் பேர் கிடைத்தது. ஆனால் அவர் கருவிகளைப் பழுதில்லாமல் ஓட வைத்தவர்களில் ஒருவர் நம் ஆற்காட்டுக்காரர். சையது மீர் மொஹ்சின் ஹுசேன் என்பது பேர். சென்னையில் நகைக்கடை வேலையில் இருந்தவரை 1824-இல் அளவைத் துறைக்கு அழைத்துக்கொண்டார்கள். 1843-இல் துறையின் கருவி வினைஞர் பதவிக்கே அவர் உயர்ந்தார். பிழைப்புக்கு வடக்கே வந்து பேர் வாங்கிய தென்னாட்டவர் வரிசையில் அவரை நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். கொடி பிடித்து மலையேறிய, காட்டுக் காய்ச்சலில் மாண்ட எளியவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குச் சிகரமும் இல்லை, கல்லறையும் இல்லை.

ஐந்து விநாடிக் கணக்கு

இப்போது கதையின் முடிச்சுக்கு வருவோம்.

இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள அட்சரேகை வித்தியாசத்தை இரண்டு வழியில் கண்டுபிடிக்கலாம். தரையில் முக்கோணங்களை அளந்து தூரத்தைக் கணக்கிடுவது ஒரு வழி. இரண்டு ஊரிலும் நட்சத்திரங்களைப் பார்த்து, தலைக்கு நேர்மேலே எது என்று குறித்து ஒப்பிடுவது இன்னொரு வழி. நேர்மேலே என்பதை எப்படி அறிவது? வீடு கட்டும் கொத்தனார் சுவரின் நேரைப் பார்க்கத் தொங்கவிடுவாரே, அதே தூக்குக்குண்டுதான்.

சிரோஞ்சுக்கு அருகே உள்ள கல்யாண்பூர், முசாபர்நகருக்கு அருகே உள்ள கலியானா. இடையே சுமார் 600 கிலோமீட்டர். தரை அளவைப்படி அட்சரேகை வித்தியாசம் 5 டிகிரி 23 நிமிடம் 42.294 விநாடி. நட்சத்திரப்படி 5 டிகிரி 23 நிமிடம் 37.058 விநாடி. இடித்தது 5.236 விநாடி. இங்கே விநாடி என்பது கோணத்தின் அளவு, ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு. தரையில் பார்த்தால் வெறும் 160 மீட்டர் பிசகு.

அறுநூறு கிலோமீட்டரில் நூற்றறுபது மீட்டர்தானே, விட்டுத் தள்ளலாமே என்று நமக்குத் தோன்றும். அளவையில் சேர்ந்துவிட்ட சிறு பிழைகள் என்று கொண்டு, அதைப் பரப்பிச் சரிக்கட்டிவிடலாம் என்பதே எவரெஸ்டின் போக்கு. கணக்குப் பிள்ளைகள் எல்லோருக்கும் பழக்கமான வழி அது.

கல்கத்தாவில் ஆர்ச்டீக்கன் பதவியில் இருந்த ஜான் பிராட் என்ற பாதிரியார் அதை விடவில்லை. கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர் அவர். கலியானா இமயமலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவ்வளவு பெரிய மலைக்கூட்டம் தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுக்குமே? குண்டு வடக்கே சாய்ந்தால் நேர்மேல் என்று நினைக்கும் புள்ளி தெற்கே விலகும். நட்சத்திரக் கணக்கு குறைவாக வந்ததற்கு அதுதானே காரணம்? இப்படி யோசித்து, இமயமலையும் திபெத் பீடபூமியும் எவ்வளவு இழுக்கும் என்று கணக்குப் போட்டார். விடை அவரையே திகைக்க வைத்தது. வர வேண்டியது 15.885 விநாடி. வந்ததோ 5.236. மூன்றில் ஒரு பங்குதான்!

மலை இழுக்கிறது, ஆனால் இழுக்க வேண்டிய அளவு இழுக்கவில்லை. அப்படியானால் மலைக்குள்ளே என்ன இருக்கிறது? இல்லை, என்ன இல்லை?

மிதக்கும் மலைகள்

பிராட்டின் கட்டுரை 1855-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. அதே ஆண்டு அதற்குப் பதில் எழுதினார் அரசு வானியலாளர் ஜார்ஜ் ஏரி. சில பக்கமே உள்ள கட்டுரை. தண்ணீரில் மிதக்கும் மரக்கட்டைகளைப் பாருங்கள் என்றார். எந்தக் கட்டை அதிகம் மேலே நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அதுதான் அதிகம் கீழேயும் முங்கியிருக்கும். மலையும் அப்படித்தான். அதற்குக் கீழே இலேசான பாறையாலான வேர் ஆழமாக இறங்கியிருக்கிறது. மேலே உள்ள கனம் இழுப்பதை, கீழே உள்ள இலேசு பெரும்பாலும் ஈடுகட்டிவிடுகிறது.

பிராட் இதை ஏற்கவில்லை. வேர் கிடையாது, மலைக்கு அடியில் உள்ள பாறையே பொங்கி இலேசாகிவிட்டது என்று பின்னாளில் தன் விளக்கத்தைத் தந்தார். இன்று பார்த்தால் இரண்டு பேரும் ஓரளவு சரி. திபெத்துக்குக் கீழே பூமியின் மேலோடு சுமார் 70 கிலோமீட்டர் தடிமன், அது ஏரியின் வேர். கடல்நடு மலைத்தொடர்கள் சூட்டினால் இலேசாகி உயர்ந்து நிற்கின்றன, அது பிராட்டின் வழி. இந்த மிதப்புச் சமநிலைக்கு ஐசோஸ்டசி என்று அமெரிக்கரான கிளாரன்ஸ் டட்டன் பேர் வைத்தார்.

ஆனால் ஒரு சங்கடம். மலை மிதக்கிறது சரி, எதில் மிதக்கிறது? உள்ளே திரவமா? அப்படி இருக்க முடியாது என்றார் கெல்வின். நிலவின் இழுப்புக்குக் கடல் பொங்குகிறது, தரை அவ்வளவாக அசைவதில்லை. பூமி மொத்தத்தில் எஃகைப் போல விறைப்பானது என்று 1860-களில் கணக்கோடு காட்டினார். ஒரே பூமி எஃகாகவும் இருக்கிறது, தண்ணீராகவும் இருக்கிறது! யார் சொல்வது சரி?

கம்பிப் பாகும் உருட்டுப் பாகும்

இந்தப் பூட்டுக்குச் சாவி நம் வீட்டு அடுக்களையிலேயே இருக்கிறது. வெல்லப் பாகு காய்ச்சும்போது அம்மா பதம் பார்ப்பாள். முதலில் தண்ணீராக ஓடும். பிறகு விரல்களுக்கு இடையே கம்பி இழுக்கும். இன்னும் காய்ச்சினால், தண்ணீரில் விட்டு உருட்டினால் உருண்டு நிற்கும். ஓட மறுக்கும் அந்தக் குணத்துக்குத்தான் பாகுத்தன்மை என்று தமிழில் பேர். பொருத்தமான பேர். கணிசமான பாகுத்தன்மை உள்ள பொருளைச் சட்டென்று தட்டினால் கல். பொறுமையாகக் காத்திருந்தால் திரவம். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927-இல் ஒரு புனலில் கீல் நிரப்பினார்கள். சுத்தியலால் அடித்தால் நொறுங்கும் பொருள். 1930-இல் புனலின் வாயைத் திறந்துவிட்டதிலிருந்து 2014 வரை விழுந்தவை ஒன்பது சொட்டுகள்.

பூமியின் மேலோட்டுக்குக் கீழே 2900 கிலோமீட்டர் ஆழம் வரை உள்ள பாறைப் பகுதிக்குக் கவசம் என்று நம் பாடப் புத்தகங்கள் பேர் வைத்திருக்கின்றன. அது திடப் பாறைதான். நிலநடுக்க அலைக்கும் நிலவின் இழுப்புக்கும் எஃகு போல நிற்கும். ஆயிரக்கணக்கான வருஷம் அழுத்தினால் பாகு போல ஓடும். கெல்வினும் ஏரியும் ஒரே நேரத்தில் சரி.

அந்தப் பாகின் பதத்தை எப்படிப் பார்ப்பது? பதில் சுவீடனிலிருந்து வந்தது. அங்கே போத்னியா வளைகுடாவில் கடல் பின்வாங்கிக்கொண்டே இருப்பதை மீனவர்கள் பரம்பரையாகக் கண்டிருந்தார்கள். லூலியோ என்ற துறைமுக ஊரில் தண்ணீர் வற்றிப்போனதால், 1649-இல் ஊரையே இடம் மாற்றினார்கள். வெப்பமானியால் நமக்குத் தெரிந்த செல்சியஸ், 1731-இல் ஒரு கடல் பாறையில் நீர்மட்டத்தைக் கோடு போட்டுவைத்தார். கடல் நீர் குறைந்துவருகிறது என்பது அவர் நினைப்பு. உண்மையில் தரைதான் எழும்பிக்கொண்டிருந்தது. பனியுகத்தில் மூன்று கிலோமீட்டர் அளவு தடிமனான பனிப்பாறை அந்த நாட்டை அழுத்தியிருந்தது. பனி உருகிப் பத்தாயிரம் வருஷம் ஆகியும், அழுத்தி விட்ட மெத்தை போல நிலம் இன்னும் எழும்புகிறது. இன்றும் வருஷத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்.

எழும்பும் வேகம் தெரிந்தால் பாகின் பதம் தெரிந்துவிடும். 1935-இல் நார்மன் ஹாஸ்கெல் இந்தக் கணக்கைப் போட்டார். இன்றைய அலகில் சொன்னால், 1-க்குப் பின்னால் 21 சைபர் போட்ட அளவு. தண்ணீரைப் போல ஒரு லட்சம் கோடியை, இன்னொரு லட்சம் கோடியால் பெருக்கிய அளவு என்று வைத்துக்கொள்ளலாம். தொண்ணூறு வருஷம் கழிந்தும், சராசரிக் கணக்காக அந்த எண் நிற்கிறது.

கூட்டலா, கழித்தலா?

கவசம் பாகு என்றால் அது சும்மா இராது. அடியில் சூடு, மேலே குளிர். கொதிக்கும் பாத்திரத்தில் போல, சூடானது மேலே வரும், குளிர்ந்தது கீழே போகும். கண்டங்கள் நகர்வதும் கடல்தரை மடிந்து உள்ளே முங்குவதும் இந்தச் சுற்றோட்டத்தின் வேலை. இங்கேதான் கடல் மட்டத்தின் கேள்வி திரும்ப வருகிறது.

காற்றும் அலையும் நீரோட்டமும் இல்லாமல் கடல் அசையாமல் நின்றால், எல்லா இடத்திலும் அதன் பரப்பு தூக்குக்குண்டுக்குச் செங்குத்தாக நிற்கும். அந்தப் பரப்பைத் தரைக்கு அடியிலும் நீட்டிக் கற்பனை செய்தால் வரும் வடிவத்துக்கு ஜியாய்டு என்று பேர். ரசமட்டத்தின் குமிழிக்கு அதுதான் மட்டம். அதனால் எல்லாக் கடலும் ஒரே மட்டம் என்று நான் சொன்னது உண்மை. ஆனால் வழுவழுப்பான தட்டை உருண்டையோடு ஒப்பிட்டால், அந்த மட்டமே மேடும் பள்ளமுமாக இருக்கிறது. கனம் கூடிய இடத்தில் தண்ணீர் கூடி மேடாகும், குறைந்த இடத்தில் பள்ளமாகும். 1958-இல் அமெரிக்கா ஏவிய வான்கார்டு செயற்கைக்கோளின் பாதையைப் பார்த்து, பூமி சற்றே பேரிக்காய் வடிவம் என்று 1959-இல் கண்டார்கள். நியூ கினியா பக்கம் சுமார் 80 மீட்டர் மேடு. இந்தியாவின் தெற்கே பெரும்பள்ளம்.

இப்போது ஒரு சின்னக் கேள்வி. குளிர்ந்து கனத்த ஒரு பழைய கடல்தரைப் பாளம் கவசத்துக்குள் முங்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு நேர்மேலே கடல் மட்டம் மேடாகுமா, பள்ளமாகுமா? கனம் இருப்பதால் மேடு என்று சொல்லத் தோன்றும். ஆனால் முங்கும் பாளம் சுற்றியுள்ள பாகையும் இழுத்துக்கொண்டு போகும்; மேலே தரை குழிந்துவிடும். குழிந்த இடத்தில் பாறை குறைவு. ஆக ஒரு கூட்டல், ஒரு கழித்தல். இரண்டும் ஏறக்குறைய சம அளவு என்பதை, ஹாஸ்கெல் எழுதிய அதே 1935-இல் பெக்கரிஸ் என்ற அறிஞர் காட்டினார்.

எது ஜெயிக்கும்? அதைத் தீர்மானிப்பது பாகின் பதம்தான். மேலிருந்து கீழ்வரை ஒரே பதம் என்றால் தரை நன்றாகக் குழியும், கழித்தல் ஜெயித்துப் பள்ளம் விழும். மேலே கம்பிப் பாகாகவும் கீழே உருட்டுப் பாகாகவும் இருந்தால் கதை வேறு. முங்கும் பாளத்தைக் கீழே உள்ள கெட்டிப் பகுதி தாங்கிக்கொள்ளும். மேலே குழி பெரிதாக விழாது. கூட்டல் ஜெயித்து மேடு எழும்.

பசிபிக் கடலைச் சுற்றி, இந்தோனேசியாவிலும் ஆண்டிஸ் மலைப் பக்கத்திலும் பாளங்கள் முங்கும் வட்டாரங்களில், பரந்த அளவில் பார்த்தால் இருப்பது மேடுதான். இதைக் கொண்டு 1984-இல் பிராட்ஃபோர்டு ஹேகரும் மார்க் ரிச்சர்ட்ஸும், பிரான்சில் ரிக்கார் குழுவினரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். சுமார் 660 கிலோமீட்டருக்குக் கீழே உள்ள கவசம், மேலே உள்ளதைவிடப் பல பத்து மடங்கு கெட்டி. துளை போட்டு யாரும் எட்டிப் பார்க்க முடியாத ஆழத்தின் பதத்தை, கடல்நீரின் மேடு பள்ளத்தை வைத்தே சொல்லிவிட்டார்கள். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இங்கே சோற்றைத் தொடாமலே பதம் பார்த்தாயிற்று.

குமரிக்குத் தெற்கே ஒரு பள்ளம்

பூமியிலேயே ஆழமான ஜியாய்டுப் பள்ளம் எங்கே இருக்கிறது தெரியுமா? கன்னியாகுமரிக்கும் இலங்கைக்கும் தெற்கே, இந்தியப் பெருங்கடலில். அங்கே கடல் மட்டம் 106 மீட்டர் தாழ்வு. டச்சு அறிஞர் வெனிங் மைனெஸ் கப்பலில் ஈர்ப்பை அளந்து 1948-இல் இதைப் பதிவு செய்தார்.

பள்ளம் என்றதும் கப்பல் உருண்டு விழும் என்று பயப்பட வேண்டாம். சரிவு ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் பரந்திருக்கிறது. அதோடு தூக்குக்குண்டும் அதற்கேற்பவே சாய்வதால், அங்கே போகிற மாலுமிக்கு எல்லாம் மட்டமாகத்தான் தெரியும். சுருள்வில் தராசில் நிறுத்தால் ஒரு டன் அரிசிக்குச் சில பத்து கிராம் குறையும், அவ்வளவுதான்.

காரணம் என்ன? பல விளக்கங்கள் வந்தன. 2023-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த தேபாஞ்சன் பாலும் ஆத்ரேயி கோஷும் ஒரு விளக்கத்தைத் தந்தார்கள். 14 கோடி வருஷத்துக்கு முன்னிருந்து கவசத்தின் ஓட்டத்தைக் கணினியில் பத்தொன்பது விதமாக ஓட்டிப் பார்த்தார்கள். இந்தியா வடக்கே நகர்ந்தபோது, முன்னால் இருந்த டெதிஸ் என்ற பழைய கடலின் தரை கவசத்துக்குள் முங்கியது. அது அடியாழம் வரை இறங்கி, ஆப்பிரிக்காவுக்குக் கீழே தேங்கிக் கிடக்கும் சூடான பகுதியின் ஓரத்தைக் கலக்கிவிட்டது. அங்கிருந்து கிளம்பிய சூடான, இலேசான பொருள் நம் பெருங்கடலுக்கு அடியில் 300 முதல் 900 கிலோமீட்டர் ஆழத்தில் வந்து பரவியது. சுமார் இரண்டு கோடி வருஷத்துக்கு முன் பள்ளம் இன்றைய வடிவத்துக்கு வந்தது என்பது அவர்கள் முடிவு. எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. அந்தக் கடலடியில் 2018-இல் நிலநடுக்கமானிகளை இறக்கிக் கோவாவிலுள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் தகவல் திரட்டியதும் இந்தக் கேள்விக்காகத்தான்.

எனக்கு இதில் பிடித்தது ஒரு பொருத்தம். டெதிஸ் கடல் மூடியதால்தான் இமயமலை எழுந்தது. கலியானாவில் தூக்குக்குண்டை இழுத்தது அந்த மலை. பெங்களூரு விளக்கம் சரியென்றால், குமரிக்குத் தெற்கே உள்ள பள்ளத்துக்கும் மூலம் அதே கடல்தான். மலையும் பள்ளமும் உடன்பிறந்தவை. நாட்டின் ஒரு கோடியில் ஒன்று, மறு கோடியில் ஒன்று. நடுவே நம் ரயில்.

இது நமக்கு எதற்கு?

தண்ணீர் ஓடுவது ஜியாய்டைப் பார்த்துத்தான். செயற்கைக்கோள் தருவதோ வழுவழு உருண்டையிலிருந்து உயரம். அந்த உருண்டையோடு ஒப்பிட்டால் டெல்லியில் கடல் மட்டம் சுமார் 50 மீட்டர் தாழ்வு, சென்னையில் 80 மீட்டருக்கும் மேல் தாழ்வு. இந்த வித்தியாசத்தைத் திருத்தாமல் செயற்கைக்கோள் உயரத்தை வைத்து வாய்க்கால் வெட்டினால், தண்ணீர் போக வேண்டிய திசையில் போகாது.

இன்னொன்று இதைவிடப் பெரியது. 2002-இல் ஏவிய கிரேஸ் செயற்கைக்கோள் ஜோடியும், 2018-இல் ஏவிய அடுத்த ஜோடியும் ஈர்ப்பின் மாற்றத்தை வைத்து அண்டார்க்டிகாவிலும் கிரீன்லாந்திலும் எவ்வளவு பனி கரைகிறது என்று நிறுக்கின்றன. பனி கரைந்தால் ஈர்ப்பு குறையும். ஆனால் சுமை குறைந்த தரைக்கு அடியில் பாகு வந்து நிரம்பினால் ஈர்ப்பு கூடும். பாகின் பதம் தெரியாவிட்டால் பனிக்கணக்கே தப்பாகிவிடும். பதமும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பழைய கண்டங்களுக்கு அடியில் குளிர்ந்து கெட்டி. மேற்கு அண்டார்க்டிகாவில் சூடாகி இளக்கம். அங்கே அமுண்ட்சென் கடலோரத்தில் தரை வருஷத்துக்கு 41 மில்லிமீட்டர் வரை எழும்புவதாக 2018-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. சுவீடனைப் போல நான்கு மடங்கு வேகம். கரையும் பனி கடைசியில் வந்து சேர்வது கடலில். சென்னையிலும் நாகையிலும் தூத்துக்குடியிலும் நம் சொந்தக்காரர்கள் வீடு கட்டியிருக்கிற கரைக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்ற கேள்விக்கும், பூமிக்குள்ளே உள்ள பாகின் பதத்துக்கும் நேரான சம்பந்தம் உண்டு.

இத்தனைக்கும் வித்து ஐந்து விநாடிப் பிசகு. அதைப் பரப்பிச் சரிக்கட்டிக் கணக்கை மூடியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இடிக்கிறதே என்று ஒருவர் நின்று கேட்டதால் ஒரு புது அறிவியல் பிறந்தது. வீட்டுப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளையும், ரயிலில் நான் செய்ததுபோல, ஏதோ சொல்லிச் சரிக்கட்டிவிடாமல் இருக்க வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

பேத்தி கேட்டதற்கு நேரான பதிலும் உண்டு. நம் நாட்டு உயரக் கணக்குக்கு 1909-இல் ஒன்பது துறைமுகங்களின் சராசரிக் கடல் மட்டத்தை அடிப்படையாக வைத்தார்கள். கராச்சி, பம்பாய், கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், ஒரிசாவின் ஃபால்ஸ் பாயின்ட். அந்த ஒன்பதில் இரண்டு நம் ஊர்க் கடல். நாக்பூர்ப் பலகையில் உள்ள எண்ணில் நாகப்பட்டினத்து அலையும் கலந்திருக்கிறது.

வருகிற கோடையில் ஊருக்குப் போகும்போது ஹிங்கன்காட் வந்ததும் அவளை எழுப்பி இதையெல்லாம் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நீங்களும் சொல்லுங்கள்.